சிறார்க்குத் தோழமை பயிற்றிய பெஸ்டலாசி

அன்பு, இரக்கம், நட்பு என்னும் சொற்களை நாம் அனைவரும் பள்ளியிற் கற்றிருக்கிறோம். பொருள் கேட்பின் உடனே கூறிவிடுவோம். யான் நான்காம் வகுப்பிற் படித்த காலத்தில், திருக்குறளில் அருளுடைமை அதிகாரம் முழுவதையும் பிழையின்றி ஒப்பித்து ஒரு சிறு பரிசு பெற்றேன். அன்று பிற்பகலே, பென்சிலை மறந்து வந்த பக்கத்து இருக்கைத் தோழன் ஒன்று இரவல் கேட்க, என்னிடம் இரண்டிருந்தும் இல்லையென்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியதை இன்றளவும் மறந்தேனல்லேன். ஒப்பித்த வாய்க்கும் ஒளித்த கைக்கும் இடையே கிடந்த தூரத்தை எந்த ஆசிரியர் எவ்வாறு குறைத்தல் கூடும்? இவ்வினாவுக்கு விடை காணவே தம் பொருளையும் உடல் நலத்தையும் செலவிட்ட ஒருவர் சுவிட்சர்லாந்து தேசத்தில் வாழ்ந்தார். அவரே யோகான் ஹைன்ரிக் பெஸ்டலாசி என்பவர்.

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் ஜூரிச் நகரிற் பிறந்தார். தந்தையார் ஓர் அறுவை மருத்துவர். மைந்தனுக்கு ஐந்து வயது நிரம்பிய 1751ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். மரணப் படுக்கையிற் கிடந்த அவர், பார்பரா என்னும் பணிப்பெண்ணை அருகழைத்துத் தம் மனைவி மக்களைக் கைவிடாதிருக்க வேண்டினார். அப்பெண் தான் கொடுத்த வாக்கைத் தன் ஆயுள் உள்ளவரை காத்தாள். வருவாயற்ற அக்குடும்பத்தை அவள் நடத்திய சிக்கனம் வியக்கத்தக்கது. ஆயினும் அச்சிக்கனத்தால் விளைந்த தீங்கும் ஒன்றுண்டு. உடையும் காலணியும் தேய்ந்துவிடும் என்று அஞ்சி, தெருவில் விளையாடப் பிள்ளைகளை அவள் விடுவதில்லை. ஆகவே பெஸ்டலாசி ஒத்த வயதினரோடு பழகும் வகை அறியாது வளர்ந்தார். பள்ளியிற் சேர்ந்தபோது எவ்விளையாட்டிலும் அவர்க்குக் கை வரவில்லை. உடன் பயின்றோர் கேலிப் பெயர் சூட்டி நகைத்தனர். 1755ஆம் ஆண்டின் இறுதியில் நில நடுக்கம் ஏற்பட்டபோது, ஆசிரியரும் மாணாக்கரும் பள்ளியை விட்டு வெளியே ஓடினர். பின்னர் உள்ளே கிடந்த தொப்பிகளையும் புத்தகங்களையும் எடுத்து வர ஆள் வேண்டியிருந்தது. எல்லாரும் ஒருமுகமாய் அனுப்பி வைத்த பிள்ளை பெஸ்டலாசியே. அவரும் மறுக்காது போய்க் கொணர்ந்தார். தோழமையின் அருமையைப் பிற்காலத்தில் அத்துணை ஆழமாக உணர்ந்தவர், இளமையில் அதனைப் பெறாதவராக இருந்தார் என்பது கருதத்தக்கது.

விடுமுறை நாட்களில் அவர் ஹோங் என்னும் சிற்றூரிற் குருவாயிருந்த தம் பாட்டனாரிடம் செல்வார். பாட்டனார் ஏழைகளின் வீடுகளையும் நோயாளரையும் காணப் புறப்படும்போது பேரனையும் உடனழைத்துச் செல்வது வழக்கம். பஞ்சு நூற்கும் வேலையில் வெளிறிப்போன சிறுவர் முகங்களை அவர் முதன்முதற் கண்டது அங்கேதான்.

கல்லூரிப் பருவத்தில் ரூசோவின் நூல்கள் அவரை ஆட்கொண்டன. முதலிற் குருவாக எண்ணினார். பின்னர் வழக்கறிஞராக எண்ணினார். இரண்டையும் விடுத்து உழவரானார். 1769ஆம் ஆண்டில் தம்மினும் ஏறக்குறைய எட்டு ஆண்டு மூத்தவராகிய அன்னா சுல்தெஸ் என்னும் மாதரசியை மணந்து, பிர் என்னும் ஊர்ப்புறத்தில் நிலம் வாங்கி, அதற்கு நொய்ஹாப், அதாவது புதுப்பண்ணை, என்று பெயரிட்டார். சாயத்துக்குரிய மஞ்சிட்டி பயிரிட்டார், பயிர் பொய்த்தது. கடன் பெருகியது. இந்நிலையிலிருப்போர் செய்யத் துணியாத காரியம் ஒன்றை அவர் செய்தார். 1774ஆம் ஆண்டில் வீதியிற் பிச்சையெடுத்துத் திரிந்த சிறாரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து உணவளித்து வளர்க்கலானார். சிறார் கோடையில் வயலில் உழைத்தனர். குளிர் காலத்தில் நூல் நூற்றனர், நெய்தனர். கை வேலை செய்யும்போதே வாய் பாடம் பயின்றது. புத்தாடை கிடைத்தவுடன் தம் மக்களை இரவோடிரவாக அழைத்துச் சென்ற பெற்றோரும் இருந்தனர். 1780ஆம் ஆண்டில் அப்பள்ளி மூடப்பட்டது. அன்னா அம்மையாரின் சீதனமும் அதனோடு போயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது முறையன்று. ஊரார் பிள்ளைகளுக்குத் தந்தையாயினவர் தம் ஒரே மகனை வளர்த்த வகை போற்றத்தக்கதாக இல்லை. ரூசோவின் நினைவாக யாக்கோபு என்று பெயர் பெற்ற அச்சிறுவனை நூல் நெறிப்படியே வளர்க்க முற்பட்டு, சில வேளை மிகத் தளர்த்தியும் சில வேளை மிக இறுக்கியும் பிடித்தார். அவன் பதினோராம் வயதிலும் செவ்வையாக எழுதப் படிக்க அறியவில்லை. வலிப்பு நோயால் வருந்தி, 1801ஆம் ஆண்டில் தந்தைக்கு முன்னரே மாண்டான். பெஸ்டலாசியைத் தெய்வமாக்கி எழுதுவோர் இதனை விரைந்து கடந்துவிடுவர். யானோ, பின்னாளில் அவர் நூல் நெறியை விடுத்துப் பிள்ளையின் முகத்தையே நோக்கக் கற்றதற்கு இத்துயரமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறேன்.

பள்ளி மூடியபின் எழுதிப் பிழைக்கலானார். நொடித்துப்போன அக்குடும்பத்துக்கு ஊழியம் செய்ய எலிசபெத் என்னும் பணிப்பெண் தானே வந்து சேர்ந்து, சீர்குலைந்த வீட்டையும் தோட்டத்தையும் திருத்தினாள். 1781ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய லியோனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதையில் வரும் கெர்ட்ரூட் அன்னைக்கு அவளுடைய குணங்கள் பல வாய்த்தன என்பர். கெர்ட்ரூட் தன் மக்களுக்கு நூற்பினூடே எண் கற்பிப்பாள்; இழைகளை எண்ணுவதும், அறையின் குறுக்கே நடக்கும் அடிகளை எண்ணுவதும், சன்னற் கண்ணாடிகளை எண்ணுவதும் அவள் கணக்குப் பாடம். அந்நூல் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ஆயினும் கதையை விரும்பிப் படித்தோர் பலர். அதன்படி ஒரு பள்ளி நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க முன்வந்தவர் எவருமிலர். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

இனிச் சொல்லப்போவது ஐந்து மாத வரலாறே. அவருடைய வாழ்வின் உயிர்நாடி அதுவாதலின் சற்றே விரித்துக் கூறுவேன்.

1798ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர் துணையோடு ஏற்பட்ட புதிய சுவிஸ் குடியரசுக்கு அடங்க மறுத்தது நிட்வால்டன் என்னும் மலைநாடு. செப்டம்பர் 9ஆம் நாள் பிரெஞ்சுப் படை அந்நாட்டிற் புகுந்தது. நூற்றுக்கணக்கான ஆடவரும் பெண்டிரும் மடிந்தனர், வீடுகள் எரிந்தன. ஸ்டான்ஸ் என்னும் அதன் தலைநகரில் அனாதைகளான சிறாரைக் காப்பதற்கு ஒரு விடுதி அமைக்கக் குடியரசு தீர்மானித்து, அதற்குத் தலைவராகப் பெஸ்டலாசியை அனுப்பிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். அந்நாட்டாரோ உறுதியான கத்தோலிக்கர். மேலும், அச்சிறாரின் பெற்றோரைப் பறிகொடுக்கச் செய்த அரசின் ஆளாகவே அவர் அங்கு வந்தார். ஊரார் அவரை எந்தக் கண்ணோடு நோக்கியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கன்னியர் மடம் ஒன்றன் பகுதி விடுதிக்கென ஒதுக்கப்பட்டது. 1799ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் சிறார் வந்து சேரலாயினர். கட்டட வேலை முடியவில்லை. எங்கும் சுண்ணாம்புத் தூசி. சமையலறை, படுக்கை ஒன்றும் ஒழுங்குபடவில்லை. வந்த சிறாரிற் பலர் சிரங்கும் பேனும் நிறைந்தவராய், எலும்பும் தோலுமாய் இருந்தனர். அவரெல்லாரும் ஒரு நிலையினரும் அல்லர். முன்பு செல்வமாய் வளர்ந்து இப்போது எல்லாம் இழந்தோர் ஒருபுறம். பிச்சையிலே பிறந்து பிச்சையிலே வளர்ந்தோர் மற்றொருபுறம். முன்னவர் தமக்குள் ஒரு கூட்டமாய்ச் சேர்ந்து, பின்னவரை அருவருப்போடு ஒதுக்கினர். நாளடைவிற் சிறார் தொகை ஏறத்தாழ எண்பதாயிற்று. பெஸ்டலாசிக்குத் துணை ஒரே ஒரு பணிமாது. உதவி ஆசிரியரை அவர் விரும்பவுமில்லை. நூலில்லை, கருவியில்லை. அவர் சிறாரோடு உண்டார், சிறாரின் நடுவே உறங்கினார், நோயுற்றபோது அருகிருந்தார், தம் கையாலேயே அவரைக் கழுவித் துடைத்தார். பிள்ளைகளை விட்டுவைப்பதற்குக் கூலி கேட்ட பெற்றோரும் இருந்தனர். பிச்சையால் வரும் வருவாய் போயிற்றே என்பது அவர் கணக்கு.

இச்சிறார்க்கு ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. முதலில் அவர்தம் நாள்தோறும் உள்ள தேவைகளைத் தீர்த்து, தாம் நேசிக்கப்படுகிறோம் என்ற உணர்ச்சியை உண்டாக்கினார். அடுத்து, அவ்வுணர்ச்சியைச் செயலிற் பயிற்றினார். சொல்லும் விளக்கமும் எல்லாவற்றிற்கும் கடைசி. நாம் இம்மூன்றையும் தலைகீழாகச் செய்கிறோம்; நான் ஒப்பித்த அதிகாரத்துக்கு நேர்ந்த கதி அதனால்தான்.

அவர் வைத்த பயிற்சிகள் மிக எளியவை. சிறார் தாம் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்லும்போது, விளையாட்டுப்போலத் தம் விரலொன்றின்மேற் பார்வையை நிறுத்தி அமைதியாயிருக்கச் செய்தார். தன்னை அடக்கியறியாத பிள்ளை பிறர் சொல்லைக் கேட்கவும் அறியாது என்பது அவர் கருத்து. பிறகு, ஒரு பாடத்தை முன்னரே அறிந்த பிள்ளையை அறியாத இருவர்க்கு நடுவில் அமர்த்துவார். அப்பிள்ளை இருபுறத்துத் தோழரையும் இரு கைகளால் அணைத்துக்கொண்டு, தான் அறிந்ததை அவர்க்குச் சொல்லிக்கொடுக்கும். கற்றவர் கல்லாதார்க்குக் கடன்பட்டவர் என்பதை அந்த அணைப்பே உணர்த்திற்று. செல்வப் பிள்ளையின் தோளும் பிச்சைக்காரப் பிள்ளையின் தோளும் அவ்வாறுதான் முதன்முதல் ஒன்றையொன்று தொட்டன.

இதைப் படிக்கும் நம் நாட்டார்க்குச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவான். 1789ஆம் ஆண்டு முதற் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்து, 1797ஆம் ஆண்டில் அது குறித்து லண்டனில் நூல் வெளியிட்டார். உலகம் அதனை மெட்ராஸ் முறை என்றழைத்தது. 1816ஆம் ஆண்டில் அவர் பெஸ்டலாசியின் பள்ளிக்கே நேரில் வந்து பார்த்தார். மனம் ஒப்பாமலே திரும்பினார். இருவரும் பிள்ளையை ஆசிரியனாக்கினர். ஆனால் பெல் விரும்பியது குறைந்த செலவில் நிறைந்த பாடம். பெஸ்டலாசி விரும்பியது உடன்பிறப்பு. சட்டாம்பிள்ளையின் கையிற் பிரம்பு உண்டு. ஸ்டான்ஸ் நகரத்துப் பிள்ளையின் கையோ தோழன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

பெஸ்டலாசி பிள்ளைகளை அடித்ததேயில்லை என்று கூறுதற்கில்லை. முரட்டுத்தனம் கண்டபோது அறைந்ததுண்டு. அதை அவரே எழுதியும் இருக்கிறார். நாள் முழுதும் அன்பு காட்டிய கை அடித்தால் பிள்ளை பகை கொள்வதில்லை என்பது அவர் கூறிய சமாதானம். இதனை என் மனம் ஏற்கவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஊரி நாட்டின் தலைநகராகிய ஆல்ட்டார்ப் தீக்கிரையாயிற்று. செய்தி கேட்ட பெஸ்டலாசி சிறாரைத் தம்மைச் சூழ இருத்தினார். அவ்வூரில் இந்நேரம் வீடும் உணவும் உடையுமின்றி நூறு பிள்ளைகள் தவித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை எடுத்துரைத்து, அவருள் இருபதின்மரை இவ்விடுதிக்கு அழைத்துக்கொள்ள அரசினரை வேண்டலாமா என்று கேட்டார். சிறார் ஒரே குரலாய் இசைந்தனர். கேட்டது கிடைத்தது என்று மகிழ்ந்து எழுந்து போகாமல், அவர் அவ்விசைவை நன்றாய்ச் சோதித்தார். விடுதியில் வேண்டுமளவு பணமில்லை. அவர்கள் வருவதால் அரசு கூடுதலாகத் தரும் என்பது உறுதியில்லை. ஆகவே நீங்கள் இன்னும் மிகுதியாக உழைக்க வேண்டியிருக்கலாம், உணவு குறையலாம், உங்கள் உடையையே அவர்களோடு பங்கிட நேரலாம் என்று ஒன்றும் மறையாது சொன்னார். சொன்னதைச் சிறார் சரியாக விளங்கிக்கொண்டனரா என்றறிய, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைத்தார். சிறார் மனம் மாறவில்லை. வரட்டும் என்றே வேண்டினர்.

இதனைக் கேட்டவர் யாரென எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் ஒருவரையொருவர் அருவருத்து ஒதுக்கியவர். வயிறு நிறைய உண்பது என்னவென்பதை அப்போதுதான் அறியத் தொடங்கியவர். பிறருக்குக் கொடுப்பதென்று அவர் துணிந்த உணவு, தாம் இழந்து, பசித்து, மீண்டும் பெற்ற உணவு. இரக்கம் என்பதைப் பலகையில் எழுதிப் பொருள் கூறும் ஆசிரியர் ஆயிரவர் உளர். அதன் விலை இன்னதென்று பிள்ளைகளுக்கு முன்னரே காட்டி, வாங்குகிறாயா என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஜூன் மாதத்தில் போர் மீண்டும் ஸ்டான்ஸ் பக்கமாய்த் திரும்பிற்று. பிரெஞ்சுப் படை தன் காயப்பட்ட வீரர்க்கு மருத்துவமனை வேண்டி விடுதியைக் கேட்டது. 8ஆம் நாள் பெரும்பாலான சிறார் வெளியே அனுப்பப்பட்டனர், சிலரே எஞ்சினர். இரத்தம் கக்குமளவு உழைத்து மெலிந்திருந்த பெஸ்டலாசி, குர்னிகல் என்னும் மலைச் சுகவாசத்துக்குச் சென்று உடல் தேறினார். அங்கிருந்து தம் நண்பர்க்கு எழுதிய நீண்ட கடிதத்தின் வாயிலாகவே இவ்வரலாற்றை நாம் அறிகின்றோம். தோற்றுப்போன ஒரு பரிசோதனை என்று அவரை நகைத்தோர் அன்று பலர்.

உடல் தேறியதும் பெரிய பதவி ஏதும் நாடாமல், புர்க்டார்ப் நகரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தார். அப்பள்ளியை நடத்தியவர் ஒரு செருப்புத் தொழிலாளி. இந்தக் கிழவர் தம் இடத்தைப் பறிக்க வந்தார் என்று ஐயுற்று அவர் பெஸ்டலாசியை வெளியேற்றினார்! பிறகு அந்நகரக் கோட்டையிலே அவருடைய பள்ளி நிறுவப்பட்டது. போரால் நலிந்த அப்பென்செல் நாட்டு ஏழைச் சிறாரை அழைத்து வந்த ஹெர்மன் க்ரூசி என்னும் இளைஞர் அவர்க்கு முதல் துணைவரானார். கெர்ட்ரூட் தன் மக்களுக்குக் கற்பிக்கும் வகை என்னும் அவருடைய கல்வி நூல் 1801ஆம் ஆண்டில் வெளிவந்தது.

புகழ் உச்சிக்கு வந்தது இவர்டன் கோட்டையில். 1805ஆம் ஆண்டு முதல் இருபதாண்டு அப்பள்ளி நடந்தது. பல தேசத்துப் பிள்ளைகள் அங்குப் பயின்றனர். பிற்காலத்துக் குழந்தைப் பள்ளிகளைத் தோற்றுவித்த புரோபெல் 1808 முதல் 1810 வரை அங்குத் தங்கியிருந்தார். பரிசும் வரிசையும் அங்கில்லை. ஒரு பிள்ளையை அவனுடைய நேற்றைய நிலையோடு ஒப்பிடலாமேயன்றி மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடலாகாது என்பது விதி. நிலநூல் பயிலத் தொடங்கும் பிள்ளைகளை ஆசிரியர் அருகிலுள்ள பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வர். பிள்ளைகள் அதனை முழுதும் நோக்கியபின் அவ்விடத்துக் களிமண்ணைக் கூடைகளில் எடுத்து வருவர். பள்ளிக்கு மீண்டு, நீண்ட மேசைகளின்மீது, ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சேர்த்துக் குன்றும் ஓடையுமாக அப்பள்ளத்தாக்கையே உருவாக்குவர். மறுநாள் இன்னும் தொலைவு செல்வர். களிமண் நாடும் அவ்வளவு விரியும். தேசப்படம் கையில் வருவது இதன் பின்னரே. தனியொருவன் செய்து முடிக்கலாகாத வேலை அது. உன் குன்று என் ஓடையை மறைக்கலாகாது.

1814ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படையினர் இவர்டன் கோட்டையையும் மருத்துவமனைக்காகக் கேட்டனர். ஸ்டான்ஸ் மீண்டும் நிகழவிருந்தது. இம்முறை அறுபத்தெட்டு வயதுக் கிழவர் பாசல் நகருக்கு விரைந்து, ரஷியப் பேரரசர் அலெக்சாந்தரையே கண்டார். பேச்சின் வேகத்தில், தாம் யார் முன் நிற்கிறோம் என்பதையும் மறந்து, பேரரசரைச் சுவர்வரை பின்வாங்க வைத்தார் என்று சொல்லப்படுகிறது. கோட்டை தப்பியது.

அந்தோ, படையினரிடமிருந்து தப்பிய பள்ளி தன் ஆசிரியரிடமிருந்து தப்பவில்லை. நீடரர், ஷ்மிட் என்னும் இரு துணையாசிரியரும் தீராப் பகை கொண்டனர். ஒருவர் சமயக் கல்வி பயின்ற அறிஞர், மற்றவர் கணக்கில் வல்லவர். இருவரையும் பிணைத்து நிறுத்தப் பெஸ்டலாசி கெஞ்சினார், அழுதார். 1808ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் தம் சவப்பெட்டியையே அருகில் வைத்துக்கொண்டு பள்ளியாரிடம் பேசினார். 1815ஆம் ஆண்டின் இறுதியில் அன்னா அம்மையாரும் மறைய, பிளவு முற்றிற்று. வழக்கு மன்றம் வரை சென்றது. எண்பது அனாதைகளை ஐந்து மாதத்தில் உடன்பிறந்தாராக்கியவரால், கற்றறிந்த இருவரை இத்துணை ஆண்டுகளில் நண்பராக்க முடியவில்லை. வளர்ந்தவர்க்குக் களிமண் வேலை கொடுக்க எவராலும் இயலாதன்றோ!

1818ஆம் ஆண்டிலும் தம் நூல்கள் ஈட்டிய பொருளை நம்பி, இவர்டனுக்கு அருகே கிளிந்தி என்னுமிடத்தில் ஏழைச் சிறார்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். அது தனித்து நிலைக்கவில்லை. 1825ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் விடுத்துப் பழைய புதுப்பண்ணைக்கே திரும்பினார். 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் புருக் நகரில் அவர் ஆவி பிரிந்தது. பிர் ஊரின் பள்ளிக்கூடத்தருகே அவரை அடக்கம் செய்தனர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846ஆம் ஆண்டில், ஆர்காவ் மாநிலத்தார் அவ்வூர்ப் பள்ளிச் சுவரிலேயே நினைவுச் சின்னம் எழுப்பினர்.

மற்றுமொரு நூறாண்டு கழிந்த 1946ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரால் அனாதைகளான சிறார்க்கென டிரோகன் என்னும் சுவிஸ் மலையூரில் ஒரு சிறுவர் கிராமம் தோன்றியது. அதற்குப் பெஸ்டலாசியின் பெயரையே இட்டனர். பிரெஞ்சுச் சிறார்க்கு ஒரு வீடு, போலந்துச் சிறார்க்கு ஒரு வீடு, ஜெர்மானியச் சிறார்க்கு ஒரு வீடு எனத் தனித்தனி வீடுகள் கட்டினர். விளையாடும் வெளி மட்டும் எல்லார்க்கும் ஒன்றே. 1960ஆம் ஆண்டில் திபெத்து நாட்டு அகதிச் சிறாரும் அங்கு வந்து சேர்ந்தனர்.